'லக்ஸ்' மீனுக்கும் நம்முடைய லட்சத்துக்கும் உறவு உண்டா?

#1 கொற்கைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மூன்று வாரமாக ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வருகிறது. எட்டாயிரம் ஆண்டுகளாக ஒலியும் பொருளும் மாறாமல் இருக்கும் சொல் ஒன்று உண்டாம், அது 'லாக்ஸ்' என்கிறது அந்தச் செய்தி. நியூயார்க்கின் யூத உணவுக்கடைகளில் உப்பில் ஊறிய சால்மனை இந்தப் பெயரில்தான் கேட்டு வாங்குகிறார்கள். ஜெர்மானியர் அதே மீனை லாக்ஸ் என்கிறார்கள். சுவீடன், நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து எல்லா இடத்திலும் லக்ஸ்தான்.

அதோடு முடிந்திருந்தால் படித்துவிட்டுப் போயிருப்பேன். செய்தியின் கடைசி வரி, நாம் எண்ணுகிற 'லட்சம்' என்ற சொல்லும் இந்த மீனின் பெயரிலிருந்து வந்தது என்கிறது. மீன் பிடிக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். சாளை, நெத்திலி, ஊளி, விளமீன், சீலா என்று மீன் பெயர்கள் காதில் விழ வளர்ந்தவன். ஆனால் ஒரு மீனின் பெயர் எண்ணாக மாறும் என்று இதுவரை கேட்டதில்லை.

இதில் எது உண்மை, எது இட்டுக்கட்டியது? தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதுங்கள். நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

#2 மொழிமுத்து

நல்ல கேள்வி, அண்ணா. முதல் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன். லட்சத்தைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இங்கே இருக்கிறார், அவர் வரட்டும்.

உறவு உண்மை. ஜெர்மன் லாக்ஸ், சுவீடிய லக்ஸ் இவற்றோடு ரஷ்ய மொழியின் 'லசோஸ்', போலிஷ் மொழியின் 'வொசோஷ்', லிதுவேனிய மொழியின் 'லஷிஷா', லாட்விய மொழியின் 'லசிஸ்' எல்லாம் ஒரே வேரில் பிறந்தவை. லிதுவேனியப் பக்கத்தில் இருந்த பழைய வடிவத்தைப் பின்லாந்துக்காரர்கள் கடன் வாங்கி 'லோஹி' ஆக்கிக்கொண்டார்கள். ஜெர்மன், ரஷ்யன், சமஸ்கிருதம் எல்லாம் சேர்ந்த பெரிய குடும்பத்தை இந்தோ-ஐரோப்பியம் என்பார்கள். பின்னிஷ் அந்தக் குடும்பத்து மொழியே இல்லை. அதனால் அது பிறப்பால் வந்த உறவு அல்ல, அக்கம்பக்கத்துப் பழக்கத்தில் வந்தது.

'மாறவே இல்லை' என்பதுதான் தவறு. இப்போது சொன்ன பெயர்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். லக்ஸ், லஷிஷா, லசோஸ். க, ஷ, ஸ என்று மூன்று விதமாகப் போயிருக்கிறது. இந்தக் குடும்பத்துக்கெல்லாம் தாயான மூலமொழியில் அந்த இடத்தில் இருந்தது அண்ணத்தின் முன்பக்கம் பிறக்கும் ஒருவகைக் ககரம் என்று அறிஞர்கள் கணித்திருக்கிறார்கள். அது லிதுவேனியத்தில் ஷகரமாகவும் சிலாவிய மொழிகளில் ஸகரமாகவும் திரிந்தது.

சரி, ஜெர்மனும் சுவீடியமும் அந்தக் ககரத்தைக் காப்பாற்றி வைத்தனவா என்றால் அதுவும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஜெர்மானிய மொழிகளில் ஒரு காலத்தில் பழைய ககரம் தேய்ந்து ஹகரம் போன்ற ஒலியானது. பழைய ஜெர்மனில் இந்த மீன் 'லஹ்ஸ்'. அப்புறம் ஸகரத்துக்கு முன்னால் நின்ற அந்த ஹகரம் மறுபடி ககரமானது. ஆறு என்ற எண்ணுக்கும் எருதுக்கும் நரிக்கும் அங்கே இதே கதைதான். ஜெர்மானியர் இன்றும் எழுதும்போது ககரத்தை எழுதுவதில்லை, பழைய ஹகர எழுத்தைத்தான் எழுதுகிறார்கள், வாயால் மட்டும் லாக்ஸ் என்கிறார்கள். அதாவது அந்த ஒலி வீட்டை விட்டுப் போய், பல நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. இன்று பார்க்கிறவருக்கு அது எங்கும் போகாமல் இருந்த மாதிரி தோன்றும்.

ஆங்கிலத்திலும் தொடர்ச்சி கிடையாது. பழைய ஆங்கிலத்தில் 'லெயக்ஸ்' என்று இந்தச் சொல் இருந்தது. 1066இல் நார்மானியர் வந்தபின் பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து 'சால்மன்' நுழைந்து பழைய சொல்லை மெல்ல வெளியே தள்ளிவிட்டது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போன யூதர்கள் தங்கள் இத்திஷ் மொழியின் 'லக்ஸ்' என்ற சொல்லைக் கொண்டுபோனார்கள். இருபதாம் நூற்றாண்டில் அது அமெரிக்க ஆங்கிலத்தில் 'லாக்ஸ்' ஆனது. இழந்த சொல்லை ஆங்கிலம் தன் தூரத்து உறவினரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது.

பொருளும் அப்படியே இல்லை. மற்ற மொழிகளில் இது முழு மீனின் பெயர். நியூயார்க் கடையில் உப்பு நீரில் ஊறவைத்த சால்மன் துண்டுக்கு மட்டும்தான் இந்தப் பெயர்.

#3 வடதுருவத் தமிழச்சி

மொழிமுத்து எழுதியதை வேலைக்கு நடுவில் இடைவேளையில் படித்தேன், கை நடுங்கிவிட்டது. நான் நார்வேயின் வடக்கில் ஒரு மீன் பதனிடும் தொழிற்சாலையில் பல வருடமாக வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கட ஆட்கள் எண்பதுகளின் கடைசியிலிருந்தே இந்தக் கரையோர ஊர்களில் மீன் வெட்டித்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள்.

என் வரிசையில் இடது பக்கம் நிற்பவர் போலந்துக்காரர். வலது பக்கம் லிதுவேனியாப் பெண். மேற்பார்வையாளர் நார்வேக்காரர். அவர் 'லக்ஸ்' என்பார், போலந்துக்காரர் தன் ஆட்களிடம் 'வொசோஷ்' என்பார், அந்தப் பெண் தொலைபேசியில் அம்மாவிடம் 'லஷிஷா' என்பாள். இத்தனை வருடமும் மூன்றும் மூன்று வேறு சொற்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரே மேசையில் ஒரே மீனை வெட்டிக்கொண்டு ஒரே சொல்லைத்தான் மூன்று பேரும் சொல்லியிருக்கிறார்கள்!

#4 காசிமேட்டு மீன்கடை

ஒரு சின்ன சந்தேகம். ஆன்லைனில் மீன் விற்கிற ஆப்களில் 'இந்தியன் சால்மன்' என்று போட்டு விற்கிறார்களே, அது நம்ம காலா மீன். மும்பையில் அதையே ராவஸ் என்பார்கள். தாடைக்குக் கீழே நூல் நூலாகத் தொங்கும். நான் படத்தில் பார்த்த சால்மனுக்கும் அதற்கும் ஒரு ஒற்றுமையும் இல்லை. இரண்டுக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது?

#5 தாமிரபரணி

காசிமேட்டு அண்ணாச்சி, உங்கள் கேள்வி சின்னக் கேள்வி இல்லை. நூறு வருடச் சண்டைக்கான திறவுகோல் அதில்தான் இருக்கிறது. சண்டையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பியர்கள் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் தேடிய கேள்வி, இந்தோ-ஐரோப்பிய மூலமொழியைப் பேசியவர்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்பது. கல்வெட்டு கிடையாது, எழுத்து கிடையாது. கையில் இருப்பது சொற்கள் மட்டும்தான். அதனால் சொற்களை வைத்தே வரைபடம் போட்டார்கள். எந்த மரத்துக்குப் பெயர் இருந்ததோ அந்த மரம் வளரும் இடம், எந்த மிருகத்துக்குப் பெயர் இருந்ததோ அந்த மிருகம் திரியும் இடம். அந்த வரிசையில் மீனும் வந்து சேர்ந்தது.

சால்மன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு மேலேறும் மீன். அட்லாண்டிக் சால்மன் ஏறுவது அட்லாண்டிக், வடகடல், பால்டிக், வெண்கடல் இவற்றில் விழுகிற ஆறுகளில்தான். கருங்கடலிலோ காஸ்பியனிலோ மத்தியதரைக் கடலிலோ விழும் ஆறுகளில் அது இல்லை. ஆகவே மூலமொழியில் சால்மனுக்குப் பெயர் இருந்திருந்தால், அதைப் பேசியவர்கள் வட ஐரோப்பாவில்தான் இருந்திருக்க வேண்டும். இதற்கு ஜெர்மானியர் வைத்த பெயரே 'லாக்ஸ் வாதம்'.

1880களில் ஓட்டோ ஷ்ராடர் என்ற அறிஞர் இதை ஏற்கவில்லை. இந்தச் சொல் ஜெர்மானிய, பால்டிக், சிலாவிய மொழிகளில் மட்டும்தான் இருக்கிறது; சமஸ்கிருதத்தில் இல்லை, கிரேக்கத்தில் இல்லை, இலத்தீனில் இல்லை; அப்படியானால் இது வடக்கே பிறகு உண்டான சொல் என்றார். அதே காலத்தில் கார்ல் பெங்கா போன்றவர்கள் மீனைக் காட்டியே தாயகம் வடக்குதான் என்று வாதாடினார்கள். அந்த வாதத்தில் மொழியியலைவிட இனப்பெருமை அதிகம். பின்னால் அந்தப் பெருமை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது உலகத்துக்கே தெரியும்.

அப்புறம்தான் யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து ஒரு சாட்சி வந்தது. சீனாவின் மேற்கு மூலையில், இன்றைய சின்ஜியாங்கில், தாரிம் பாலைவனத்தின் ஓரத்துச் சோலை ஊர்களிலிருந்து பழைய பௌத்தச் சுவடிகள் கிடைத்தன. 1908இல் ஜெர்மனியின் ஸீக், ஸீக்லிங் இருவரும் அவற்றில் ஒரு மொழி இந்தோ-ஐரோப்பியம் என்று காட்டினார்கள். இன்று அதைத் தொக்காரியம் என்கிறோம். இந்த மொழியில் இரண்டு வகை உண்டு. குச்சா நகர்ப் பக்கத்தில் வழங்கிய வகையில் ஒரு சொல் கிடைத்தது: 'லக்ஸ்'.

அந்த மொழியில் அதற்குப் பொருள் சால்மன் இல்லை. மீன். வெறும் மீன்.

#6 கொற்கைக்காரன்

படித்ததும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் ஒன்று புரியவில்லை. தாரிம் ஆறு கடலுக்கே போகாதே, பாலைவனத்துக்குள்ளேயே வற்றிப்போகும். அங்கே சால்மன் எப்படி வரும்? ஒரு மீனின் பெயர் எல்லா மீனுக்கும் பொதுப் பெயராவது நடக்கிற காரியமா?

#7 மட்டக்களப்பான்

நடக்கும், அண்ணை. எங்கட நாட்டில் நடந்திருக்கு.

இலங்கையில் எந்தக் கடைக்குப் போய் 'சமன்' என்று கேட்டாலும் கடைக்காரர் எடுத்துத் தருவது தகரத்தில் அடைத்த மீன். சிங்களவரும் 'சமன்' என்றுதான் சொல்வார்கள். உள்ளே இருப்பது சால்மனே இல்லை, பெரும்பாலும் கானாங்கெளுத்தி இனத்து மீன். முதலில் தகரத்தில் வந்த மீனின் பெயர், பிறகு தகரத்தில் வரும் மீன் எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது. எங்கட அம்மா சமன் ரின் உடைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிரட்டி வைப்பா. சால்மன் என்ற மீன் ஒன்று உலகத்தில் தனியாக உண்டு என்பது எனக்குப் பதினைந்து பதினாறு வயதில்தான் தெரியும். அந்தப் பாலைவனத்துச் சனமும் அப்படித்தானே இருந்திருக்கும்? மீன் பின்தங்கிப் போயிற்று, பெயர் மட்டும் கூட வந்திருக்கு.

#8 மொழிமுத்து

மட்டக்களப்பு அண்ணா, தொக்காரிய மொழி பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன். எதுவும் இதை இவ்வளவு தெளிவாக எனக்கு விளக்கவில்லை. காசிமேட்டு அண்ணாச்சி கேட்டதற்கும் பதில் இதற்குள் இருக்கிறது. இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர், ருசியும் அளவும் ஏறக்குறைய ஒத்துப்போன காலாவுக்குத் தங்கள் ஊர் மீனின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 'ஆஸ்திரேலியன் சால்மன்' என்று ஒரு மீன் உண்டு, அதுவும் சால்மன் குடும்பமே இல்லை. இடம் பெயர்கிறவர்கள் பழைய பெயர்களை மூட்டையில் கட்டிக்கொண்டு போவார்கள். போன இடத்தில் கிடைக்கிற முதல் பொருத்தமான மீனுக்கு அதை வைப்பார்கள். அதனால் ஒரு மொழியில் ஒரு மீனின் பெயர் இருப்பதை வைத்து, அந்த மக்கள் அந்த மீனின் ஆற்றங்கரையில் பிறந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. லாக்ஸ் வாதத்தின் பலவீனம் இங்கேதான்.

இன்னொன்றும் கவனித்தேன். ஆங்கிலேயர் இந்தப் பெயரை உச்சரிக்கும்போது லகரம் வாயில் வராது, 'ஸாமன்' என்பார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் லகரம் இல்லாமல்தான் எழுதினார்கள். இலத்தீன் படித்தவர்கள் 'சால்மோ' என்ற மூலத்தை நினைத்து எழுத்தில் மட்டும் லகரத்தைச் செருகினார்கள். இலங்கையில் 'சமன்' என்கிறார்கள், அது காதால் கேட்டு வந்த வடிவம். தமிழ்நாட்டில் நாம் 'சால்மன்' என்கிறோம், அது எழுத்தைப் பார்த்துப் படித்த வடிவம்.

அந்த 'சால்மோ' இலத்தீனுக்கே சொந்தமில்லை என்று கருதுகிறார்கள். மத்தியதரைக் கடலில் விழும் ஆறுகளில் சால்மன் கிடையாது, ரோமானியர் அதை முதலில் பார்த்தது கால் நாட்டில், அதாவது இன்றைய பிரான்சில். முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார்: கால் நாட்டின் தென்மேற்கே உள்ள அக்விதானியாவில் எல்லாக் கடல்மீனையும்விட ஆற்றுச் சால்மனைத்தான் விரும்புகிறார்கள் என்று. பெயரும் அந்த நாட்டிலிருந்தே வந்திருக்கலாம். 'தாவுதல்' என்ற இலத்தீன் வினையோடு சேர்த்து, தாவுகிற மீன் என்று சொல்லும் விளக்கம் அழகானது, ஆனால் அழகு போதாது.

கெல்திய மொழிகளிலோ இன்னொரு சொல் இருக்கிறது. வெல்ஷ் மொழியில் 'எயோக்'. அதன் பழைய வடிவத்தை ரோமானியர் 'எசோக்ஸ்' என்று எடுத்துக்கொண்டார்கள். பாஸ்க் மொழியில் சால்மன் 'இசோகின்', அதே சொல்லிலிருந்து போனது. ஆனால் இன்று விலங்கியலில் எசோக்ஸ் என்ற பெயர் வேறொரு நன்னீர் மீனின் பேரினத்துக்கு. பெயர் மறுபடியும் மீன் மாறிவிட்டது.

#9 எண்ணும் எழுத்தும்

லட்சத்தை விளக்க என்னை அழைத்ததால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

அந்தக் கருத்தை வாட்ஸ்அப்காரர்கள் இட்டுக்கட்டவில்லை. பவுல் தீமே என்ற ஜெர்மானிய அறிஞர் 1950களின் தொடக்கத்தில் முன்வைத்தது. வேதமொழியில் ஆழமான புலமை உடையவர், எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய ஆள் இல்லை. தொக்காரியத்தில் லக்ஸ் கிடைத்துவிட்டதால், சமஸ்கிருதத்திலும் அதன் சுவடு இருக்க வேண்டும் என்று தேடினார். மூன்று சொற்களை எடுத்தார். நூறாயிரத்தைக் குறிக்கும் லக்ஷ. அரக்கைக் குறிக்கும் லாக்ஷா. ரிக் வேதத்தில் சூதாடியின் பணயத்தைக் குறிக்கும் லக்ஷ.

அவர் வாதம் இப்படிப் போகும். சால்மன் முட்டையிடப் போகும்போது எண்ண முடியாத கூட்டமாக ஆற்றில் ஏறும், அதனால் 'லக்ஷ' பேரெண் ஆனது. சால்மனின் சதை சிவப்பு, அதனால் சிவப்பு நிறம் தரும் அரக்கு 'லாக்ஷா' ஆனது. இந்தியாவுக்கு வந்தவர்கள் சால்மனைப் பார்க்கவே இல்லை, மீனின் பொருள் மறைந்து, அதன் கூட்டமும் நிறமும் மட்டும் சொல்லில் தங்கிவிட்டன.

கேட்கிறபோது மயக்கும். நானும் முதலில் மயங்கினேன். ஏனென்றால் கூட்டமாக இருப்பவற்றின் பெயர் பேரெண்ணாவது மனித மனத்துக்குப் புதிதல்ல. பழைய எகிப்தியர் நூறாயிரத்தை எழுத வரைந்த படம் தவளைக்குஞ்சு. நைல் வடிந்தபின் சேற்றில் அவை எவ்வளவு நெளியும் என்று நினைத்துப் பாருங்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், நம்மிடமே இருக்கிறது. பரிபாடலின் இரண்டாம் பாட்டில் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் எல்லாம் பேரெண்களாக வரும். ஐ, அம், பல் என்று முடியும் எண்ணுப்பெயர்களைத் தொல்காப்பியமும் சொல்கிறது; உரையாசிரியர்கள் அவற்றைத் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று காட்டுகிறார்கள். குளத்தில் நிறைந்து கிடப்பவை நம் முன்னோர்க்கு எண் ஆயின. அப்படியிருக்க, ஆற்றில் நிறைந்து ஏறும் மீன் இன்னொருவருக்கு எண் ஆகக்கூடாதா?

ஆகலாம். ஆனால் ஆனதற்குச் சான்று வேண்டும். இங்கேதான் தீமேயின் வாதம் நிற்கவில்லை.

சமஸ்கிருதத்தில் லக்ஷ என்பதற்கு அடையாளம், குறி என்ற பொருள் தெளிவாக இருக்கிறது. லட்சணம், லட்சியம், லட்சுமி எல்லாம் அந்த வழியில் வந்தவை. நம்முடைய இலக்கு என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். குறிபார்க்கும் இடம் இலக்கு. எண்ணும்போது போடும் குறியிலிருந்து எண்ணுக்குப் போவது எட்டிப்பிடிக்கும் தூரம். வடக்கே குளிர்நாட்டு ஆற்றுக்குப் போய் மீனைப் பிடித்துவர வேண்டிய தேவை இல்லை. சூதாடியின் பணயமும் குறி என்ற பொருளோடு பொருந்திவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்திய மொழி எதிலும் இந்தச் சொல் மீன் என்ற பொருளில் வரவே இல்லை. ஒரு சுவடிகூட இல்லை. ரிக் வேதத்தில் மீனுக்கு மத்ஸ்ய என்ற சொல் இருக்கிறது. அதுவும் மீன் என்ற பொருளில் தெளிவாக வருவது ஒரே ஒரு இடத்தில், பத்தாம் மண்டலத்தில். பிற்காலச் சமஸ்கிருதத்தில் வரும் 'மீன' என்ற சொல் நம் பக்கத்திலிருந்து போனது. ராசிப் பெயராக அது எவ்வளவு தூரம் போயிற்று தெரியுமா? தாய்லாந்தில் மார்ச் மாதத்தின் பெயர் 'மீனாகோம்'. ஞாயிறு மீனத்தில் நுழையும் மாதம். சான்றோடு காட்டக்கூடிய மீன்சொல்லின் பயணம் அது.

#10 தாமிரபரணி

உங்கள் முடிவோடு ஒத்துப்போகிறேன், ஆனால் ஒரு மறுப்பு. 'மீன் என்ற பொருளில் இந்தியாவில் வரவே இல்லை' என்பதை மட்டும் வைத்துத் தீமேயை விலக்க முடியாது. சால்மன் இல்லாத நாட்டில் மீன்பொருள் மறைவது இயல்புதான் என்று அவரே சொல்லிவிட்டாரே. மட்டக்களப்பு அண்ணன் சொன்ன சமன் கதையே அதற்குச் சாட்சி.

#11 எண்ணும் எழுத்தும்

நியாயமான மறுப்பு. ஆனால் சமன் கதையில் ஒரு வேறுபாடு இருக்கிறது, தம்பி. அங்கே பெயர் மீனை விட்டு இன்னொரு மீனுக்குப் போனது. தொக்காரியத்திலும் அப்படியே, மீனிலிருந்து மீனுக்கு. நடுவில் பாலம் தெரிகிறது. தீமே கேட்பது மீனிலிருந்து எண்ணுக்கும், மீனிலிருந்து அரக்குக்கும் ஒரே தாவலில் போகச் சொல்வது. நடுப்படி ஒன்றாவது எங்காவது கிடைத்திருந்தால் நானே முன்னால் நின்று ஆதரிப்பேன். காணாமற்போனதையே சான்றாகக் காட்டத் தொடங்கினால் எதையும் எதோடும் இணைத்துவிடலாம். நம் இணையத் தமிழ் உலகத்தில் தினமும் அப்படிப் பத்து 'மூலச்சொல்' பிறக்கிறது. உலக மொழிகளில் உள்ள எந்தச் சொல்லை எடுத்தாலும் வெட்டி ஒட்டித் தமிழ் என்கிறார்கள். நம் மொழியின் மேல் இருக்கும் அன்பினால்தான் செய்கிறார்கள், தெரியும். ஆனால் மீனாகோம் மாதிரி உறுதியான பயணங்களை அந்தக் கூச்சல் மூடிவிடுகிறது. அது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

லட்சத்தின் பிற்காலப் பயணத்தை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். பிராகிருதத்தில் லக்க, தமிழில் இலக்கம், இந்தியில் லாக். மலாய் மொழிக்குப் போனபோது 'லக்ஸா' என்பது பத்தாயிரமாகக் குறைந்துவிட்டது. அரக்கின் வழியோ தனி வழி: பாரசீகம், போர்ச்சுக்கீசியம் தாண்டி ஆங்கிலத்தில் மரத்துக்கு அடிக்கும் லாக்கர் ஆனது.

#12 கொற்கைக்காரன்

லட்சம் மீன் இல்லை என்பது தெளிவாகிவிட்டது, நன்றி ஐயா. இப்போது பழைய இடத்துக்கு வருவோம். தொக்காரியத்தில் லக்ஸ் இருப்பதால் அந்தச் சொல் மூலமொழிக்கே உரியது என்று ஆகிறது. ஆனால் அந்த மக்கள் சால்மன் ஆற்றங்கரையில் இருந்திருக்க வேண்டியதில்லை என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் முதன்முதலில் அந்தப் பெயரைச் சுமந்த மீன் எது?

#13 மொழிமுத்து

அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் டீபோல்ட் 1970களிலும் 80களிலும் இதைத்தான் கேட்டார். மொழியியலோடு நிற்காமல் மீனியலைத் திறந்து பார்த்தார். அங்கே கிடைத்தது ட்ரௌட். கருங்கடலிலும் காஸ்பியனிலும் அட்லாண்டிக் சால்மன் இல்லை என்பது சரி. ஆனால் அதன் நெருங்கிய உறவான பெரிய ட்ரௌட் வகைகள் அங்கே உண்டு. அவையும் கடலில் வளர்ந்து ஆற்றில் ஏறுபவை, பார்வைக்கும் அளவுக்கும் சால்மனுக்குக் குறையாதவை. மூலச்சொல் அந்த மீனைக் குறித்திருந்தால், மக்கள் கருங்கடலுக்கு வடக்கே புல்வெளியில் இருந்தாலும் பொருந்திவிடும். பிறகு வடக்கே போனவர்கள் பால்டிக் கரையில் கண்ட இன்னும் பெரிய மீனுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள், கிழக்கே போனவர்கள் எல்லா மீனுக்கும் வைத்தார்கள்.

காக்கசஸ் மலைப்பகுதியில் ஒசேத்திய மொழியில் 'லசக்' என்று ஒரு சொல் வாழ்கிறது, ட்ரௌட் வகை மீனுக்குத்தான். ஆர்மேனியத்திலும் 'லோஸ்தி' என்று உண்டு. அந்தப் பக்கத்து தெரெக் ஆறு காஸ்பியனில் போய் விழுகிறது. 2015 முதல் வந்த பழமரபணு ஆய்வுகளும் அந்தப் புல்வெளியிலிருந்து மேற்கே பெரிய இடப்பெயர்வு நடந்ததைக் காட்டின. வடக்கைத் தாயகமாக்கக் கொண்டுவந்த மீனே கடைசியில் அந்த வாதத்தைக் கைவிட வைத்துவிட்டது.

#14 வடதுருவத் தமிழச்சி

இரண்டு நாளாக இந்த இழையைத்தான் தலையில் போட்டுக்கொண்டு வேலை செய்கிறேன். இரண்டு விசயம்.

ஒன்று, வைக்கிங்குகள், அதாவது இந்தப் பக்கத்துப் பழைய கடலோடிகள். இவர்கள் படகில் போன இடமெல்லாம் இந்தப் பெயரை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஐஸ்லாந்தில் 'லக்ஸாவ்' என்ற பெயரில் பல ஆறுகள், லக்ஸ் ஆறு என்று பொருள். அயர்லாந்தில் டப்ளினுக்குப் பக்கத்தில் லீக்ஸ்லிப் என்ற ஊர், லக்ஸ் தாவும் இடம். அயர்லாந்துக்காரர் இந்த மீனைத் தங்கள் மொழியில் 'ப்ரடான்' என்பார்கள். அந்த ஊருக்கு ஐரிஷ் பெயரும் ப்ரடான் தாவும் இடம் என்றே பொருள்படும். ஒரே பாய்ச்சலை இரண்டு சனமும் பார்த்து, இரண்டு மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதோடு, இப்போது பெயரைப் பரப்புவது வியாபாரம். நார்வேயில் லக்ஸ் வளர்ப்பு 1970இல் ஹித்ரா தீவில் சரியாக அமைந்தபின் பெரிதாக வளர்ந்தது. 1985இல் ஜப்பானுக்கு விற்கத் திட்டம் போட்டார்கள். ஜப்பானியர் தங்கள் சால்மனை 'சாக்கே' என்பார்கள், புழு இருக்கும் என்ற பயத்தில் அதைப் பச்சையாகச் சாப்பிட மாட்டார்கள். அதனால் நார்வே மீனை அந்தப் பெயரில் விற்காமல் 'சாமோன்' என்று ஆங்கிலப் பெயரில் விற்றார்கள். இன்று சூஷியில் இருப்பது சாமோன், அடுப்பில் சுடுவது சாக்கே.

இரண்டாவது, ஒரு சின்னப் பரிசோதனை. கடலில் வளரும் ட்ரௌட்டுக்கு உங்கட மொழியில் வேறு பெயர் உண்டா என்று பக்கத்தில் நிற்பவர்களைக் கேட்டேன். மூவருக்கும் இருக்கு. நார்வேயில் 'ஷோ-ஓரத்', போலிஷில் 'ட்ரோச்', லிதுவேனியத்தில் 'ஷ்லாகிஸ்'. மூன்றும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத பெயர்கள். ஆனால் மேற்பார்வையாளர் ஒன்று சொன்னார்: ஆற்றில் பிடித்த மீன் லக்ஸா ஓரத்தா என்று அவருடைய தாத்தா வாலையும் வாயையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம், அப்படியும் சில நேரம் சந்தேகம் தீராதாம்.

#15 தாமிரபரணி

அக்கா, அந்த மூன்று பெயரும் உறவில்லாதவை என்பது டீபோல்ட் பக்கத்துக்கு நல்ல சான்று. லக்ஸுக்கு எல்லோரிடமும் ஒரே சொல், ட்ரௌட்டுக்கு ஆளுக்கொரு சொல். இரண்டு மீனும் சேர்ந்து வாழும் கரைக்கு வந்தபிறகுதான் இரண்டாவது பெயர் தேவைப்பட்டிருக்கிறது, அவரவர் தனித்தனியாக உண்டாக்கிக்கொண்டார்கள். எதிர்ப்பக்கத்தார் இதையே திருப்பிப்போட்டு, பழைய பெயர் லக்ஸுக்கே ஒட்டியிருப்பதால் அதுதான் முதல் மீன் என்பார்கள். எனக்கு முதல் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது.

ஜெர்மனில் ட்ரௌட்டுக்கு 'ஃபொரெல்லெ'. அதன் வேர் புள்ளி என்ற பொருளில் வரும், சமஸ்கிருத 'ப்ருச்னி' அதன் உறவு. புள்ளி போட்ட மீன். லக்ஸ் என்பதையும் லிதுவேனியத்தின் 'லஷஸ்', அதாவது துளி, என்ற சொல்லோடு சிலர் இணைப்பார்கள். உடம்பில் துளித்துளியாகப் புள்ளி இருப்பதால். உங்கள் பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.

#16 காசிமேட்டு மீன்கடை

அக்கா பதில் போடுகிற வரைக்கும் ஒரு செய்தி. காலை கடைப்பலகையை அழித்து மறுபடி எழுதினேன். ஆப்பில் பார்த்துவிட்டுச் சால்மன் கேட்டு வருகிறவர்களுக்காக 'சால்மன்' என்று போட்டு வைத்திருந்தேன். இப்போது 'காலா' என்று மட்டும் இருக்கிறது. கேட்டு வந்த மூன்று பேருக்கும் கதையைச் சொன்னேன், மூன்று பேருமே வாங்கிப் போனார்கள்.

#17 வடதுருவத் தமிழச்சி

கேட்டேன், தம்பி. 'லஷஸ்' என்றால் துளி என்று அவளும் சொன்னாள், மழைத்துளி, கண்ணீர்த்துளி எல்லாவற்றுக்கும் அதுதான். மேசையில் கிடந்த லக்ஸின் முதுகில் இருக்கும் கறுப்புப் புள்ளிகளைக் காட்டி, இவையும் லஷஸ்தானா என்றேன். இல்லை, புள்ளிக்கு வேறு சொல் என்றாள். கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுப் பார்த்தாள். "நீ சொன்னபிறகு துளி மாதிரித்தான் இருக்கு" என்றாள்.